தலையெழுத்தை வாசிப்பவர்கள்

ஒரு செல் தானாகச் சாகும்போது அந்தச் சாவை முடிவு செய்தது யார்? செல்லா, அதன் மரபணுவா, சுற்றியிருக்கும் உடம்பா? இது உயிரியல் மாணவர்களுக்கான கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். நான் படித்தது மின்பொறியியல். வேலை, தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிப்பது. தங்கை தன் பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வேட்டை, "இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுண்ணே" என்று என்னிடம் தந்தாள். அதில் ஆர்.என்.ஏ.வோடு பிணையும் புரதங்கள் என்று ஒரு கூட்டம் வந்தது. செல் வாழ்வதா சாவதா என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன், புரதங்களை விட முடியவில்லை. வாசிக்க வாசிக்க, சிலிம் ரிவரில் நான் கேட்டு வளர்ந்த ஒரு சொல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது: தலையெழுத்து.

எங்க பாட்டி அந்தச் சொல்லை உப்பு மாதிரி எல்லாத்திலும் போடும். முப்பது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டின கை அது. தாத்தா சீக்கிரம் போனது தலையெழுத்து. தோட்டம் கைமாறி லயத்தைக் காலி பண்ணச் சொன்னது தலையெழுத்து. பால்மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டு செம்பனை நட்டதுகூட மரத்தோட தலையெழுத்து. "எழுதினவன் எழுதிட்டான், நாம என்னத்த மாத்துறது?" என்று முடிக்கும். அதற்கு மேல் யாரும் பேச மாட்டோம்.

எழுதப்பட்டிருக்கிறது என்பதாலேயே ஒன்று நடந்துவிடுமா? எழுத்துக்கும் நடப்புக்கும் நடுவில் யாருமே இல்லையா? செல்லுக்குள் போய்ப் பார்த்தால், நடுவில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

*

முதலில் சாவு. செல்லுக்கு இரண்டு விதமான சாவு உண்டு. ஒன்று, அடிபட்டோ வெந்தோ விஷம் பட்டோ வருவது. செல் ஊதும், சவ்வு கிழியும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். அக்கம்பக்கம் வீங்கும். எதிர்ப்புச் செல்கள் ஓடிவரும். இது நெக்ரோசிஸ். இன்னொன்று ஒழுங்கான சாவு. செல் சுருங்கும், தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டாக்கும், சிறு சிறு பொட்டலங்களாகப் பிரியும். சவ்வின் உட்பக்கம் இருக்கவேண்டிய ஒரு கொழுப்பு மூலக்கூறை வெளிப்பக்கம் காட்டும். 'என்னைத் தின்னு' என்பதற்கான அடையாளம் அது. பக்கத்துச் செல்கள் தின்று முடித்துவிடும். வீக்கம் இல்லை, சத்தம் இல்லை.

இந்த இரண்டாவது சாவுக்கு 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி என்ற மூவர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மாக். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் விழுவதைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். தமிழில் அப்படியே 'உதிர்தல்' என்று சொல்லலாம்.

பேராக்கில் ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு உதிர்தலை விளக்க வேண்டியதில்லை. வருஷத் தொடக்கத்து வறண்ட வாரங்களில் பால்மரம் இலையெல்லாம் நிறம் மாறிக் கொட்டிவிடும். காற்று பிய்த்துக்கொண்டு போவதல்ல இது. மரம் முதலில் இலையிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காம்படியில் மெல்லிய பிரிவடுக்கு ஒன்றை உண்டாக்குகிறது. அதற்குப் பிறகுதான் இலை விழுகிறது.

நம் உடம்பிலும் இதே கதைதான். கருவில் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். நடுவிலுள்ள செல்கள் செத்தால்தான் விரல் பிரியும். வளர்ந்த ஒரு மனிதனுக்குள் ஒவ்வொரு நாளும் 5,000 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இப்படிச் சாகின்றன. நாம் சாப்பிட்டுக்கொண்டும் யூடியூப் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம்.

*

தலையெழுத்து என்பதற்கு அறிவியலில் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது: சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. கண்ணாடி மாதிரி உடம்பு. ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியில் கண் வைத்து, ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிறந்து எதுவாக ஆகிறது என்று வரைந்தார். இருபால் புழு வளரும்போது, இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்து, 1,090 செல்கள் உருவாகின்றன. அவற்றில் 131 செத்துவிடுகின்றன. மிச்சம் 959. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131, அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே நேரத்தில். பிறக்கும்போதே எழுதப்பட்ட சாவு. சிட்னி பிரென்னர், சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தப் புழுவுக்குப் பங்குண்டு.

ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் செட்-3 என்ற மரபணு பழுதான புழுக்கள் கிடைத்தன. அவற்றில் சாகவேண்டிய செல்கள் சாகவில்லை. என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. புழு வாழ்ந்தது, ஊர்ந்தது, முட்டை போட்டது. 1987இல் லியோன் ஏவரியும் ஹார்விட்ஸும் இன்னொரு படி போனார்கள். புழு இரை விழுங்கத் தேவையான எம்-4 என்ற நரம்புச் செல்லை லேசரால் கொன்றார்கள். சாதாரணப் புழு என்றால் பட்டினிதான். ஆனால் செட்-3 பழுதான புழுக்கள் சிலவற்றில், எம்-4உடன் பிறந்து சாகவேண்டியதாயிருந்த அதன் சகோதரிச் செல் உயிரோடு இருந்தது. அது அந்த வேலையை எடுத்துச் செய்தது.

இந்தச் சோதனையைப் பற்றிப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சாவதற்காகவே பிறந்தது என்று எழுதப்பட்ட செல்லுக்குள் ஒரு முழு வேலைக்காரன் இருந்திருக்கிறான். வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 'அவசியமான சாவு' என்று சொல்லும்போது, எதற்கு அவசியம், வேறு வழியே இல்லையா என்று கேட்க இந்தப் புழு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

*

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன்.

மரபணு செல்லின் மூலப்பிரதி. அது நேரடியாக எதையும் செய்வதில்லை. அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படுகிறது. நகல் அப்படியே அச்சுக்குப் போவதும் இல்லை. சில துண்டுகள் வெட்டப்படும், மிச்சம் ஒட்டப்படும். சில நகல்கள் பத்திரப்படுத்தப்படும், சில உடனே கிழிக்கப்படும், சில 'அப்புறம் பாக்கலாம்' என்று ஓரமாக வைக்கப்படும். இத்தனையையும் செய்பவை ஆர்.என்.ஏ.வோடு பிணையும் புரதங்கள். மனிதனிடம் இப்படிப்பட்டவை சுமார் 1,500 வகை உண்டு. இலக்கியம் வாசிப்பவர்களுக்குச் சொல்வதென்றால், இவர்கள்தான் பதிப்பாசிரியர்கள்.

பி.சி.எல்-எக்ஸ் என்று ஒரு மரபணு. 1993இல் தெரியவந்தது இது: அதன் நகலை ஒரு விதமாக வெட்டி ஒட்டினால் நீளமான புரதம் வரும், அது செல்லைச் சாவிலிருந்து காக்கும். இன்னொரு விதமாக வெட்டினால் குட்டையான புரதம் வரும், அது செல்லைச் சாவுக்குத் தள்ளும். ஒரே எழுத்து, இரண்டு வாசிப்பு. ஒன்று உயிர், ஒன்று சாவு.

ஃபாஸ் என்ற மரபணுவும் அப்படித்தான். அது தரும் புரதம் செல்லின் மேல் ஒரு அழைப்புமணி மாதிரி நிற்கும். வெளியிலிருந்து யாராவது அழுத்தினால் செல் சாவுக்குத் தயாராகும். மணியைச் சவ்வில் பொருத்தும் பகுதி நகலின் 6ஆம் துண்டில் இருக்கிறது. டி.ஐ.ஏ-1 என்ற புரதம் அந்தத் துண்டைச் சேர்க்கச் சொல்கிறது. பி.டி.பி. என்ற புரதம் விடச் சொல்கிறது. விட்டுவிட்டால் மணி சவ்வில் நிற்காது, செல்லுக்கு வெளியே மிதக்கும். அழுத்த வருகிற கையை அங்கேயே பிடித்துக்கொள்ளும். செல் பிழைக்கும். எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

ஹியூ-ஆர் என்ற இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண நாட்களில் இது காவல்காரன். உயிரைக் காக்கும் நகல்களைப் பிடித்துக்கொண்டு, கிழியாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் நெருக்கடி ஓர் அளவைத் தாண்டினால், கேஸ்பேஸ் என்ற கத்தரிக்கோல் புரதங்கள் இதையே இரண்டாக வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டுகள் சாவின் பக்கம் சேர்ந்து வேலை செய்கின்றன. நல்லவன் கெட்டவன் என்று பெயர் ஒட்ட முடியாது. காலம் மாறினால் அவன் வேலையும் மாறும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. செல்லுக்குத் திடீர் நெருக்கடி வந்தால், டி.ஐ.ஏ-1 மாதிரியான புரதங்கள் ஆர்.என்.ஏ. நகல்களை அள்ளிக்கொண்டு சிறு சிறு உருண்டைகளாகத் திரளும். அழுத்தத் துகள்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான புரத உற்பத்தி நிறுத்தி வைக்கப்படும். வாழ்வா சாவா என்று செல் உடனே முடிவெடுப்பதில்லை. சாவுக்கான செய்தி கொண்டுபோகும் சில புரதங்கள்கூட அந்த உருண்டைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். நெருக்கடி விலகினால் உருண்டைகள் கரையும். வேலை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஆய்வகத்தில் இந்த நெருக்கடியை உண்டாக்க வழக்கமாகப் பயன்படுத்தும் பொருள் சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக் விஷம். இந்தப் பெயரை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். பாராகுவாட் வருவதற்கு முன், மலாயாத் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல முதுகில் பம்பு மாட்டி அடித்தது இதே சோடியம் ஆர்சனைட்டைத்தான். அடித்தவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு ஆய்வகத்தில் கையுறை போட்டு, மூடிய அறைக்குள், மில்லிலிட்டருக்கும் குறைவாக அளந்து எடுக்கிறார்கள். ஆய்வகச் செல்லுக்கு எவ்வளவு விஷம் போயிற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

*

பால்மரத்துக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். மங்கில் விழும் பால் வெறும் சாறு இல்லை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்ச் செல்களின் உள்ளிருக்கும் உயிர்த்திரவமே அதுதான். செல்லின் உட்கரு உள்ளே தங்கிவிடும், மிச்சம் வெளியே வழியும். அதில் ஆர்.என்.ஏ. இருக்கிறது. ஆய்வாளர்கள் ரப்பர் பாலிலிருந்தே ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். எங்க பாட்டி முப்பது வருசம் காண்டா வாளியில் தோளில் சுமந்தது செல்களின் உயிரைத்தான்.

வெட்டு விழுந்ததும் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். பாலில் மிதக்கும் நுண்பைகள் உடைந்து, பாலை உறையவைத்து, வாயை அடைக்கும். அப்படி அடைத்தால் மகசூல் குறையும். அதனால் 1970களிலிருந்து எத்திஃபோன் என்ற மருந்தைத் தடவிப் பாலை அதிக நேரம் ஓடவைத்தார்கள். அளவு மீறி வெட்டினாலும் தடவினாலும் ஒரு நாள் பட்டையில் பால் வற்றிவிடும். அந்த மரங்களின் பட்டையில் நடப்பது ஒருவகைத் திட்டமிட்ட செல்சாவு என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பால் வற்றியது மரத்தின் தலையெழுத்தா? சாவுக்கான எழுத்து மரத்துக்குள் இருந்தது உண்மைதான். அது எல்லா மரத்திலும் இருக்கிறது. அதைப் படிக்கவைத்தது கத்தியும் மருந்தும் மகசூல் கணக்கும்.

*

தலையெழுத்தை மாற்றி வாசிக்க முடியும் என்பதற்கு இன்றைக்கு மருத்துவத்தில் நேரடியான சாட்சி உண்டு. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய். எஸ்.எம்.என்-1 என்ற மரபணு பழுதான குழந்தைகளுக்கு வருவது. தசையை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். கடுமையான வகையில், மூச்சுக்கருவி இல்லாமல் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டியதில்லை.

மனிதர்களிடம் எஸ்.எம்.என்-2 என்று கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு பிரதியும் உண்டு. அது ஏன் கைகொடுக்கவில்லை? அதன் 7ஆம் துண்டில் ஒரே ஓர் எழுத்து வேறு. அந்த வேறுபாட்டால், வெட்டி ஒட்டும்போது அந்தத் துண்டு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆர்.என்.ஏ.வோடு பிணையும் ஒரு புரதம் அதை விடச் சொல்கிறது. ஏட்ரியன் கிரைனர் போன்றவர்களின் பல வருட உழைப்பில் நுசினெர்சன் என்ற மருந்து வந்தது. அந்தப் புரதங்கள் போய் உட்காரும் இடத்தை மருந்து மூடிவிடுகிறது. உட்கார இடமில்லாததால் துண்டு விடுபடுவதில்லை. குழந்தையின் மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை, வாசிப்பை மட்டும்தான் மாற்றினார்கள். உட்காரக்கூட முடியாது என்று எழுதப்பட்ட குழந்தைகளில் சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் நின்றார்கள்.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அறிவிக்கப்பட்ட விலை ஓர் ஊசிக்கு 1,25,000 டாலர். முதல் வருஷம் ஆறு ஊசி, மொத்தம் 7,50,000 டாலர்.

இந்த விலைதான் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. நேற்றுவரை இந்தக் குழந்தை செத்தது எழுத்தால். இன்றைக்கும் ஒரு குழந்தை இதே நோயில் செத்தால், அதை எழுத்தின் மேல் போட முடியாது. மருந்து இருக்கிறது, வாங்கும் வழி இல்லை. சாவுக்குக் காரணம் செல்லிலிருந்து மனிதர்களின் மேஜைக்கு நகர்ந்துவிட்டது. ஒரு தலையெழுத்தை மாற்றலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, அதை மாற்றாமல் இருப்பதும் ஒருவர் எடுத்த முடிவு ஆகிவிடுகிறது.

*

என் வேலையில் இயந்திரங்கள் அடிக்கடி ட்ரிப் ஆகும். வெப்பம் ஏறினால், மின்னோட்டம் மீறினால், பாதுகாப்பு ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். முக்கியமான இடங்களில் மூன்று உணர்கருவி வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் நிறுத்தும்படி அமைப்போம். செல்லின் சாவைப் பற்றிப் படிக்கும்போது ஓர் எஞ்சினியருக்கு இது நன்றாகவே புரியும். ஒரே புரதம் முடிவு செய்வதில்லை. ஆளுக்கு ஆள் இழுத்து, அளவும் நேரமும் சேர்ந்து முடிவாகிறது.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எங்கள் ரிலேயில் எந்த எண்ணில் ட்ரிப் ஆகவேண்டும் என்று யாரோ ஒருவர் வைத்திருக்கிறார். பதிவேட்டில் அவர் பெயரும் தேதியும் கையெழுத்தும் இருக்கும். தவறாக நின்றுபோனால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவோம். செல்லில் அப்படிப் புரட்டப் பக்கம் இல்லை. திட்டமிட்ட சாவு என்கிறோம், திட்டமிட்டவர் யாரும் இல்லை. கோடிக்கணக்கான வருடப் பரிணாமத்தில் படிந்தது.

சமுதாயம் இந்த இரண்டில் எதைப் போன்றது? கண்டிப்பாக ரிலேயைப் போன்றது. தோட்டத்தை விற்றதற்கு ஒரு கையெழுத்து உண்டு. லயத்தைக் காலி பண்ணச் சொன்ன கடிதத்துக்குத் தேதி உண்டு. மருந்தின் விலையை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தலையெழுத்து என்ற சொல் அந்தப் பக்கத்தைப் புரட்டவிடாமல் செய்கிறது. பாட்டியைக் குறை சொல்லவில்லை. புரட்ட அனுமதி இல்லாத ஆளுக்கு அந்தச் சொல் ஓர் ஆறுதல். ஆனால் புரட்ட முடிந்த நாமும் அதையே சொன்னால், கையெழுத்துப் போட்டவருக்குத்தான் நல்லது.

*

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: நம் முன்னோர்கள் இந்த மண்ணுக்கு உரமானார்கள். கேட்கும்போது கை தட்டுவோம். இப்போது எனக்குக் கை எழுவதில்லை.

1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் விடியுமுன் பிரிட்டிஷ் அணிகளைப் பிளந்துகொண்டு போயின. போரின் வரலாற்றில் எங்கள் ஊருக்கு ஒரு பத்தி இருக்கிறது என்றால் அதற்காகத்தான். அதற்குப் பிறகு வந்ததற்கு ஊர்ப்பெயர் இல்லை. தோட்டங்களில் வேலை நின்றது. தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, 400 கிலோமீட்டர் சொச்ச தூரத்தில், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாகச் செத்திருந்தார்கள். இவர்கள் எதற்கு உரம்? உரமாகிறேன் என்று யார் சொன்னார்கள்?

உடம்புக்காகச் செல் சாவதைத் தியாகம் என்று எழுதுகிறார்கள். அதை அப்படியே சமுதாயத்துக்குக் கொண்டுவந்து, முழுமைக்காகச் சிலர் போகத்தான் வேண்டும் என்று முடிக்கிறார்கள். செல்லில் அது ஏன் அநியாயமாகப் படவில்லை என்று யோசித்தால் விஷயம் விளங்கும். என் உடம்பின் செல்கள் எல்லாம் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை, ஒரே எழுத்தைச் சுமப்பவை. சாகும் செல்லிடம் இருந்தது பிழைக்கும் செல்லிடமும் இருக்கிறது. எந்தச் செல்லுக்கும் தனி வீடு இல்லை, பிள்ளை இல்லை, பயம் இல்லை. மனிதன் அப்படியில்லை. ஒவ்வொருவனும் ஒரு முழு உடம்பு. ரப்பர்த் தோட்டத்தின் லாபம் லண்டனுக்குப் போனது, வெட்டியவனுக்கு மலேரியா மிஞ்சியது. இவை ஒரே உடம்பின் இரண்டு உறுப்புகள் இல்லை.

எதிர்க்கேள்வி ஒன்று வரும், அது நியாயமானது. சாக மறுக்கும் செல்தானே புற்றுநோய்? ஆமாம். பி.சி.எல்-2 என்ற மரபணு செல்லைப் பெருக்குவதில்லை, சாவதைத்தான் தடுக்கிறது என்று 1988இல் டேவிட் வோக்ஸும் சுசன் கோரியும் ஜெரி ஆடம்ஸும் காட்டினார்கள். சாகாமை ஒன்றே நோய்க்கு வழிவிடப் போதும். அதனால் உயிர் எப்போதும் நல்லது, சாவு எப்போதும் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. செல்லின் கணக்கை மனிதனுக்குப் போடக்கூடாது என்கிறேன். நகர மறுத்த தோட்டக் குடும்பங்களை வளர்ச்சிக்குத் தடை என்றார்கள். ஒரு குடும்பத்தைப் புற்றுநோய் மாதிரிப் பேசுவதற்கு உயிரியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒழுங்கான சாவில் வீக்கம் வராது, சத்தம் வராது, அக்கம்பக்கம் தின்று துடைத்துவிடும் என்று சொன்னேன். உடம்புக்கு அது வரம். ஏழைகளின் சாவையும் இப்படித்தான் விரும்புகிறார்கள். சத்தமில்லாமல், யாரும் ஓடிவரத் தேவையில்லாமல். உரமானார்கள் என்ற சொல் அந்தத் துடைப்பு வேலையை அழகாகச் செய்கிறது. கொட்டிக் கிடந்து வீங்க வேண்டிய சாவுகள் சில உண்டு. சயாம் ரயில் அப்படி ஒன்று.

வாசிப்பை மாற்றிய ஆட்கள் நம்மிடமும் இருந்தார்கள். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்காரர்களிடமிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, தோட்டங்களையே வாங்கினார்கள். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் விற்கப்படும் தோட்டம் என்ற அதே எழுத்தை, வெட்டுகிறவனே வாங்கும் தோட்டம் என்று ஒருமுறையாவது வாசிக்க முடிந்தது.

*

கடைசியாக, இதை எழுதவைத்த காரணம். அப்போப்டோசிஸைப் பல இடங்களில் 'செல் தற்கொலை' என்று எழுதுகிறார்கள். விளங்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் வாசிப்பவரிடம் என்ன செய்யும் என்று யாராவது யோசித்தார்களா?

எங்கள் மாமா மகன் ஒருவன் சில வருடங்களுக்கு முன் வேலை போய், ஆலோங்கிடம் வாங்கிய கடன் கழுத்தை நெரித்த நாட்களில், சாப்பாட்டுக்கு நடுவில் சாதாரணமாகச் சொன்னான்: "நான் இல்லாட்டி இவங்களுக்கு ஒரு பாரம் கொறையும்." அந்த வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். முழுமைக்காக ஒன்று போகலாம் என்ற அதே கணக்கு. செல்லைப் பற்றிச் சொன்னால் அது சரி. அவனைப் பற்றிச் சொன்னால் அது பச்சைப் பொய். அவன் போனால் எதுவும் குறையாது. அவன் அம்மா என்ன ஆவாள் என்று எங்களுக்குத் தெரியும். அன்று இரவு யாரும் உபதேசம் பண்ணவில்லை. அவன் அண்ணன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். விடிந்தது. அடுத்த வாரம் கடனுக்கு வழி தேடினோம். இப்போது அவனுக்குப் பெண் குழந்தை இருக்கிறாள்.

2023 வரைக்கும் மலேசியாவில் தற்கொலை முயற்சி குற்றம். குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை என்று எழுதியிருந்தது. இன்னொரு நாள் வாழ முடியாது என்று நின்றவனிடம் சட்டம் பேசிய மொழி அது. அந்த வருடம் அதை நீக்கினார்கள். எழுதினவன் எழுதிவிட்டான் என்று இருந்திருந்தால் அதுவும் அப்படியேதான் இருந்திருக்கும்.

செல்லுக்கு 'நான்' கிடையாது. அது மனம் ஒடிந்து சாவதில்லை, யாருக்கும் பாரம் என்று நினைத்துச் சாவதில்லை. தற்கொலை என்ற சொல்லை அதற்குக் கொடுத்தால் செல்லுக்கு இல்லாத துயரம் வந்து சேர்கிறது. மனிதனின் துயரத்துக்கோ இயற்கையின் ஒப்புதல் மாதிரி ஒன்று கிடைத்துவிடுகிறது. இரண்டும் வேண்டாம். தமிழில் எழுதும் பாடநூல்காரர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் என் சின்ன வேண்டுகோள் இதுதான். 1972இல் ஒரு கிரேக்கப் பேராசிரியர் தேடிக் கொடுத்த சொல்லுக்கு நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது. செல் உதிர்கிறது என்று எழுதுங்கள். மனிதன் உதிர்வதில்லை. அவனை யாரோ எதுவோ விழவைக்கிறது. அது யார், எது என்று கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், பக்கத்தில் பாய் விரிக்கலாம்.